சேலம் தண்ணீருக்கு ஒரு கவனிப்பு, ஏற்காடு தண்ணீருக்கு வேறு: நீச்சல் குள உப்பு குளோரினேட்டர் பராமரிப்பு, முழுமையான வழிகாட்டி

சேலம் அழகாபுரத்தில் ஒரு வீட்டுக் குளத்திலும் ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களா குளத்திலும் ஒரே மாடல் உப்பு குளோரினேட்டரை மாட்டி, இரண்டையும் ஒரே மாதிரி ஓட்டிப் பாருங்கள். ஆறு மாதம் கழித்துக் கழற்றினால், அழகாபுரத்து மெஷினின் செல்லில், அதாவது குளோரின் தயாராகும் பகுதியில், தகடுகளுக்கு நடுவே சுண்ணாம்பு அடைத்துக்கொண்டு வெளிச்சம்கூடப் புகாது. ஏற்காட்டுச் செல் புதுசு போலவே இருக்கும். ஆனால் அந்தக் குளத்தின் டைல் இடுக்கில் விரலை ஓட்டினால் பூச்சு மணல் மணலாக உதிரும். இரண்டு இடத்திலும் மெஷினில் கோளாறு இல்லை, தண்ணீர்தான் வேறு. மெஷினோடு வரும் கையேட்டில் இருக்கும் அட்டவணையை அப்படியே பின்பற்றினால் இரண்டு குளமும் கெடும். உங்கள் தண்ணீர் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டு அதற்கேற்ப மெஷினை நடத்துவதுதான் பராமரிப்பு. அதை முதலிலிருந்து பார்ப்போம்.

மெஷின் என்ன செய்கிறது

"உப்புக் குளம் என்றால் குளோரின் கிடையாது" என்று பலர் நினைக்கிறார்கள். குளோரின் உண்டு. வெளியிலிருந்து கொட்டாமல் குளத்துக் குழாயிலேயே தயாராகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். செல்லுக்குள் ருத்தேனியம், இரிடியம் ஆக்சைடு பூசிய டைட்டானியம் தகடுகள் இருக்கும். உப்பு கலந்த தண்ணீர் அவற்றுக்கு நடுவே போகும்போது டிசி மின்சாரம் பாய்ந்து குளோரின் பிரிகிறது. மேட்டூரில் உப்புக் கரைசலிலிருந்து குளோரினும் காஸ்டிக் சோடாவும் எடுக்கிறார்களே, அதே வேதியியல்தான் உங்கள் பம்ப் ரூமிலும் சின்ன அளவில் நடக்கிறது.

இதிலிருந்து மூன்று விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, உப்பு தீர்ந்துபோவதில்லை. குளோரின் கிருமியைக் கொன்றபின் மறுபடி குளோரைடாகவே தண்ணீரில் தங்கிவிடுகிறது. உப்பு வெளியே போவது பேக்வாஷிலும் (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு ஃபில்டரைக் கழுவுவது), கசிவிலும், மழைக்கு வழிந்து ஓடும்போதும்தான். வெயிலில் தண்ணீர் ஆவியாவதால் உப்பு ஒரு கிராம்கூடக் குறையாது. இரண்டாவது, மின்சாரத்தின் எதிர்முனையாக (கேத்தோடு) இருக்கும் தகட்டில் காஸ்டிக் உண்டாவதால் அங்கே பிஹெச், அதாவது அமில-கார அளவு, மிக அதிகம். அதனால்தான் சுண்ணாம்பு அந்தத் தகட்டைத் தேடிப்போய்ப் படிகிறது. மூன்றாவது, அங்கே ஹைட்ரஜன் வாயுவும் வருகிறது. தண்ணீர் ஓடாமல் செல் மட்டும் ஓடினால் அந்த வாயு தேங்கி வெடிக்கக்கூடும். தண்ணீர் ஓடாதபோது செல்லை நிறுத்தும் ஃப்ளோ ஸ்விட்ச் கெட்டுவிட்டது என்று அதன் ஒயரை ஷார்ட் செய்து ஓட்டச் சொல்லும் எந்த மெக்கானிக்கையும் பம்ப் ரூமுக்குள் விடாதீர்கள்.

கொள்ளளவும் மூலத் தண்ணீரும்

நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி 1,000-ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு வரும். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழம் என்றால் 44,800 லிட்டர். இந்தக் கட்டுரை முழுக்க 45,000 லிட்டர் என்றே வைத்துக்கொள்கிறேன். பம்ப் ரூம் சுவரில் உங்கள் குளத்தின் எண்ணைப் பெயின்டால் எழுதிவையுங்கள்.

அடுத்து, குளத்தை நிரப்பும் தண்ணீரை லேபில் கொடுத்துச் சோதியுங்கள். டோட்டல் ஹார்ட்னஸ் மட்டும் கேட்டால் போதாது, கால்சியம் ஹார்ட்னஸைத் தனியாகக் கேளுங்கள். செட்டிச்சாவடிப் பக்கம் வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட் கிடைக்கும் பூமி இது. கடினத்தன்மையில் ஒரு பங்கு மெக்னீசியமாக இருக்கலாம். குளத்திலும் செல்லிலும் படிவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான். டோட்டல் 700 என்று தாளில் பார்த்துப் பதறுவதை விட, அதில் கால்சியம் எவ்வளவு என்று பார்ப்பதுதான் உபயோகம். கூடவே ஆல்கலினிட்டி (தண்ணீரின் காரத்தன்மை), குளோரைடு, இரும்பு மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உப்பு போடுவது

பெரும்பாலான மெஷின்கள் 3,000 முதல் 4,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை கேட்கும். கடல்நீர் சுமார் 35,000 பிபிஎம் என்பதால், இது அதில் பத்தில் ஒரு பங்கு. கணக்கு எளிது: 1,000 லிட்டருக்கு 1 கிலோ போட்டால் 1,000 பிபிஎம் கூடும். குளத்தில் ஏற்கெனவே 700 இருந்து, 3,200-க்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் இன்னும் 2,500 வேண்டும். 45,000 லிட்டருக்கு அது 112 கிலோ சொச்சம், அதாவது 50 கிலோ மூட்டை இரண்டும் கொஞ்சமும்.

கையில் டிடிஎஸ் மீட்டர் இருக்கிறதே என்று அதை நம்பி உப்புக் கணக்குப் போடாதீர்கள். கரைந்திருக்கும் எல்லா உப்புகளையும் அது சேர்த்துக் காட்டும். போர் தண்ணீரிலேயே 1,200 டிடிஎஸ் இருந்தால், அதில் சாப்பாட்டு உப்பு கால் பங்குகூட இல்லாமல் இருக்கலாம். குளோரைடு ஸ்ட்ரிப் வாங்கி அதை வைத்துப் பாருங்கள்.

எந்த உப்பு? லீ பஜாரில் மூட்டைக் கணக்கில் கிடைக்கும் கல்லுப்பு விலை குறைவுதான். ஆனால் அதில் மண்ணும் கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்தே வரும். ஏற்கெனவே கடினத் தண்ணீர் உள்ள ஊரில் காசு கொடுத்துச் சுண்ணாம்பு வாங்குவதற்கு அது சமம். அயோடின் கலக்காத, கட்டியாகாமல் இருக்கப் பொருள் எதுவும் சேர்க்காத, 99 சதவீதத்துக்கு மேல் தூய்மையான சுத்திகரித்த உப்பு வேண்டும். வாட்டர் சாஃப்ட்னருக்கு விற்கும் உப்பில் இந்தத் தரம் கிடைக்கும்.

குளோரினேட்டரை ஆஃப் செய்துவிட்டு, பம்பை மட்டும் ஓடவிட்டு, ஆழம் குறைந்த பக்கத்திலிருந்து சுற்றிலும் தூவுங்கள். அடியில் தங்கியதைப் பிரஷ்ஷால் தள்ளிக் கரையுங்கள். ஒரு முழு நாள் சுற்றியபின் சோதித்துவிட்டு மெஷினைப் போடுங்கள். கணக்கில் வந்த அளவில் முக்கால்வாசியை முதலில் போட்டு, மீதியை மறுநாள் பார்த்துப் போடுவது நல்லது. உப்பு கூடிப்போனால் தண்ணீரைத் திறந்துவிடுவதைத் தவிர வழியில்லை.

தண்ணீரின் சமநிலை: சேலத்தில்

எங்கேயும் ஃப்ரீ குளோரின், அதாவது கிருமியைக் கொல்லத் தயாராக இருக்கும் குளோரின், 1 முதல் 3 பிபிஎம் வரை, பிஹெச் 7.2 முதல் 7.6 வரை இருக்க வேண்டும். திறந்தவெளிக் குளத்துக்குச் சயனூரிக் ஆசிட், கடைக்காரர்கள் ஸ்டெபிலைசர் என்பார்களே அது, அவசியம். இல்லாவிட்டால் ஏப்ரல் வெயிலில் இருக்கும் குளோரினில் பாதி ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். 50 பிபிஎம்மில் தொடங்குங்கள். 45,000 லிட்டருக்கு 2.25 கிலோ பிடிக்கும். அது மெதுவாகத்தான் கரையும் என்பதால் பழைய சாக்ஸில் கட்டி, தண்ணீர் திரும்பி வரும் வாய்க்கு முன்னால் தொங்கவிடுங்கள். கூரைக்குள் இருக்கும் குளத்துக்கு ஸ்டெபிலைசர் வேண்டாம்.

சேலத்துக்கென்று நான் சொல்லும் அளவு: பிஹெச் 7.2 முதல் 7.4, ஆல்கலினிட்டி 60 முதல் 80, கால்சியம் 400-க்குள். உப்பு மெஷின் ஓடும் குளத்தில் பிஹெச் தானாக ஏறிக்கொண்டே இருக்கும். ஆல்கலினிட்டி அதிகமாக இருந்தால் இன்னும் வேகமாக ஏறும். ஏறிய பிஹெச்சும் கால்சியமும் சேர்ந்தால் செல் அடைப்பது உறுதி.

பிஹெச்சையும் ஆல்கலினிட்டியையும் குறைக்க ஹைட்ரோகுளோரிக் ஆசிட் போதும். 45,000 லிட்டர் குளத்துக்கு முதலில் 300 மில்லி எடுத்து, ஒரு வாளித் தண்ணீரில் கலந்து, பம்ப் ஓடும்போது ஆழமான பக்கத்தில் ஊற்றுங்கள். நான்கு மணி நேரம் கழித்துச் சோதித்து, தேவையானால் மறுபடி ஊற்றுங்கள். எப்போதும் தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும். ஆசிட் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஆசிட் கேனையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் வருவது விஷவாயு.

சேலத்துக் குளங்களைக் கெடுப்பது எது என்று கேட்டால், ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாகப் போர் தண்ணீரை விடும் பழக்கம் என்றுதான் சொல்வேன். நம் குளத்தின் மேற்பரப்பு 32 சதுர மீட்டர். கோடையில் நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்தால் 192 லிட்டர், மாதத்துக்கு 5,800 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆவியாவது வெறும் தண்ணீர், கால்சியம் குளத்திலேயே நிற்கிறது. நீங்கள் விடும் போர் தண்ணீரில் கால்சியம் 300 பிபிஎம் இருந்தால், குளத்தின் கால்சியம் மாதத்துக்குக் கிட்டத்தட்ட 40 பிபிஎம் ஏறும். மார்ச்சில் 250 இருந்த குளம் ஜூன் முடிவதற்குள் 400 ஆகிவிடும். மெஷின் சரியில்லை என்று கம்பெனிக்குப் போன் போடும் பலருக்கும் உண்மையில் இதுதான் சிக்கல்.

வழி இரண்டு. ஈடு தண்ணீருக்கு மேட்டூர்த் தண்ணீரையோ, மொட்டை மாடியில் பிடித்த மழைநீரையோ விடுங்கள். மழைநீரில் கால்சியம் இல்லை என்றே சொல்லலாம். கால்சியம் 400-ஐத் தாண்டிவிட்டால், மூன்றில் ஒரு பங்கை வெளியேற்றி மென்மையான தண்ணீரால் நிரப்புங்கள். முழுக் குளத்தையும் ஒரேயடியாகக் காலி செய்வது வேண்டாம். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறியிருந்தால் காலிக் குளத்தின் அடித்தளத்தை அது தூக்கிவிடும்.

ஏற்காட்டில் நேர்மாறு

மலையில் ஊற்றுத் தண்ணீரும் மழைநீரும் மென்மையானவை. கால்சியம் 30, 40 பிபிஎம் மட்டுமே உள்ள தண்ணீர் தனக்கு வேண்டியதைச் சிமென்ட் பூச்சிலிருந்தும் டைல் இடுக்கிலிருந்தும் கரைத்து எடுத்துக்கொள்ளும். சேலத்தில் சுண்ணாம்பை விரட்டப் பாடுபடுகிறோம். இங்கே நாமே போட வேண்டும். கால்சியத்தை 200 முதல் 250-க்கு உயர்த்துங்கள். கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 1,000 லிட்டருக்கு 15 கிராம் போட்டால் 10 பிபிஎம் கூடும். 40-லிருந்து 200 வர 45,000 லிட்டருக்கு 11 கிலோ ஆகும். கரைக்கும்போது வாளி நன்றாகச் சூடாகும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரையுங்கள். ஆல்கலினிட்டி 80 முதல் 100 இருக்கட்டும். அதைக் கூட்டச் சமையல் சோடாவே போதும். 1,000 லிட்டருக்கு 17 கிராம் போட்டால் 10 பிபிஎம் ஏறும். பிஹெச்சை 7.5 அளவில் நிறுத்துங்கள்.

மலையில் மழை ஒரு தனிப் பிரச்சினை. ஒரே இரவில் கொட்டும் மழைக்குக் குளம் வழிந்தால், உப்பும் ஸ்டெபிலைசரும் சேர்ந்தே போகும். பெரிய மழைக்கு மறுநாள் பம்பைச் சில மணி நேரம் ஓட்டி, மேல் தண்ணீரும் கீழ்த் தண்ணீரும் கலந்தபின் உப்பைச் சோதியுங்கள். உடனே பார்த்தால் மேலே நிற்கும் மழைநீரைத்தான் அளப்பீர்கள். சில்வர் ஓக் இலைகளும் சருகும் விழுந்து கிடந்தால் குளோரின் எல்லாம் அவற்றுக்கே செலவாகும். மேலே மிதக்கும் குப்பையைப் பிடிக்கும் ஸ்கிம்மர் கூடையைக் காற்றுக் காலத்தில் தினமும் காலி செய்யுங்கள். புதிதாக நிரப்பிய தண்ணீர் குளோரின் பட்டதும் டீ டிகாக்ஷன் நிறத்துக்கு மாறினால் அது பாசி அல்ல, பெரும்பாலும் செம்மண் பூமியிலிருந்து வந்த இரும்பு. அதற்கென்று விற்கும் மருந்தைப் போட்டு, ஃபில்டரில் பிடித்து, பேக்வாஷில் வெளியேற்றிய பிறகே மெஷினை ஓட்டுங்கள்.

எத்தனை மணி நேரம் ஓட்டுவது

நம் வெயிலில் நாளுக்கு 3 பிபிஎம் குளோரின் செலவாகிறது என்று வைப்போம். 45,000 லிட்டருக்கு அது 135 கிராம். செல்லின் மேல் மணிக்கு 20 கிராம் என்று எழுதியிருந்தால், முழு வேகத்தில் ஏழு மணி நேரம் ஓட வேண்டும். இதை இரண்டாகப் பிரித்து, அதிகாலையில் ஒரு பகுதி, பொழுது சாய்ந்தபின் ஒரு பகுதி ஓட்டுங்கள். உச்சி வெயிலில் தயாரித்தால் கணிசமான பகுதி வெயிலுக்கே போகும். புதிதாக வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: குளத்துக்குச் சரியாகப் பொருந்தும் செல்லை விட ஒரு சைஸ் பெரியதை வாங்கிப் பாதி வேகத்தில் ஓட்டுங்கள். செல்லின் ஆயுள் ஓடிய மணி நேரத்தைப் பொறுத்தது.

வாரந்தோறும்

முழங்கை ஆழத்தில், தண்ணீர் திரும்பி வரும் வாய்க்குத் தள்ளி, மாதிரி எடுங்கள். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மஞ்சள் நிறம் காட்டும் கிட் மொத்தக் குளோரினைத்தான் காட்டும். குளோரின் கழிவாக மாறிப் பயனற்றுக் கிடந்தாலும் மஞ்சள் அடித்து உங்களை ஏமாற்றும். இளஞ்சிவப்பாக மாறும் டிபிடி கிட் வாங்குங்கள். சொட்டு மருந்தை வெயில் படும் பம்ப் ரூமில் வைக்காமல் வீட்டுக்குள் வையுங்கள்.

ஃபில்டர் பிரஷர், சுத்தமாக இருந்தபோது காட்டியதை விட 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறினால் பேக்வாஷ் செய்யுங்கள். அதற்கு முன் குளோரினேட்டரை ஆஃப் செய்துவிட வேண்டும். ஒரு பேக்வாஷில் 500 லிட்டர் போனால் ஒன்றரை கிலோவுக்கு மேல் உப்பு போகிறது. அதைத் தென்னைக்கோ காபிச் செடிக்கோ, கிணற்றுப் பக்கமோ திருப்பிவிடாதீர்கள். மலையில் ஓடைக்கு விடவே கூடாது; கீழே அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

செல் கழுவுவது

சேலத்தில் மாதம் ஒருமுறை, ஏற்காட்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை செல்லைக் கழற்றிப் பாருங்கள். கழுவ வேண்டுமா என்பதைத் தேதி முடிவு செய்யக் கூடாது, கண் முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு ஆசிட் குளியலும் தகட்டின் பூச்சைக் கொஞ்சம் தின்கிறது.

1. மெஷினுக்கு மின்சாரம் தரும் எம்சிபி ஸ்விட்சை இறக்குங்கள். பம்பை நிறுத்தி, இருபுறமும் வால்வை மூடுங்கள். அதன் பிறகே செல்லைக் குழாயோடு இணைக்கும் யூனியனைக் கையால் திருகிக் கழற்றுங்கள்.

2. செல்லைச் சூரியனை நோக்கிப் பிடித்து உள்ளே பாருங்கள். தகடுகளுக்கு நடுவே நேர்கோடாக வெளிச்சம் தெரிந்தால் அப்படியே மாட்டிவிடலாம். முடி, இலைத் துணுக்கு மட்டும் இருந்தால் ஹோஸ் பைப்பால் பீய்ச்சினால் போதும்.

3. வெள்ளைப் படிவு பீய்ச்சியும் போகவில்லை என்றால்: ரப்பர் கையுறை, கண்ணைக் காக்கும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி திறந்த வெளியில் நில்லுங்கள். பிளாஸ்டிக் வாளியில் பத்துப் பங்கு தண்ணீர் எடுத்து, அதில் ஒரு பங்கு ஆசிட்டை மெதுவாக ஊற்றுங்கள்.

4. செல்லின் ஒரு முனையை மூடி போட்டு அடைத்து, நிமிர்த்தி வைத்து, கலவையைத் தகடு மூழ்கும்வரை உள்ளே ஊற்றுங்கள். ஒயர் இணையும் பகுதி நனையக் கூடாது. நுரை பொங்கும், சுண்ணாம்பு கரைகிறது என்பதற்கு அதுவே அடையாளம். நுரை அடங்கியதும், எப்படியும் பத்து நிமிடத்துக்குள், கொட்டிவிடுங்கள்.

5. நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் அலசுங்கள். ஓ-ரிங்கில் சிலிக்கான் கிரீஸ் தடவி மாட்டுங்கள். வாசலின் தடவினால் ரப்பர் ஊதிப்போகும். பம்பைப் போட்டுக் கசிவு இல்லை என்று பார்த்தபின் எம்சிபியை ஏற்றுங்கள்.

ஸ்க்ரூ டிரைவரோ கத்தியோ கம்பி பிரஷ்ஷோ கொண்டு தகட்டைச் சுரண்டவே கூடாது. பூச்சு போன இடத்தில் குளோரின் வராது. செல்லை மாற்றுவதுதான் அதற்குப் பின் வழி, மெஷின் விலையில் பெரும்பகுதி அந்தச் செல்தான்.

"லோ சால்ட்" என்று காட்டினால்

உடனே உப்பு மூட்டையைப் பிரிக்காதீர்கள். மெஷின் உப்பை நேரடியாக அளப்பதில்லை, தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதைப் பார்த்துத்தான் கணிக்கிறது. குளிர்ந்த தண்ணீரில் மின்சாரம் குறைவாகப் பாயும். ஆகவே ஏற்காட்டில் மார்கழிக் குளிரில் உப்பு சரியாக இருந்தும் "லோ சால்ட்" விளக்கு எரியலாம். அதைப் பார்த்து மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டினால் பங்குனியில் "ஹை சால்ட்" என்று மெஷின் நின்றுவிடும். பல மாடல்கள் தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே போனால் உற்பத்தியையே நிறுத்திவிடும். அந்த நாட்களில் கொஞ்சம் லிக்விட் குளோரின் (சோடியம் ஹைப்போகுளோரைட்) ஊற்றிச் சமாளியுங்கள். குளிரில் பாசியும் மெதுவாகவே வளரும்.

பார்க்க வேண்டிய வரிசை இதுதான்: தண்ணீர் சூடு, செல்லில் படிவு, ஒயர் இணைப்பில் துரு, அதன்பின் ஸ்ட்ரிப்பில் உப்பு. நான்கும் சரியாக இருந்தும் எண் குறைவாகவே காட்டினால், மூன்று முதல் ஐந்து வருடம் ஓடிய செல் என்றால், அதன் ஆயுள் முடிந்துவிட்டது.

மெஷினில் எல்லாம் சரி, குளோரின் மட்டும் பூஜ்யம் என்றால் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் குறைவு, அல்லது பாசி தொடங்கிவிட்டது. கோடை விழாச் சமயத்தில் ஏற்காட்டு விடுதிகளிலும், பொங்கல் விடுமுறையில் சேலத்துப் பண்ணை வீடுகளிலும் கூட்டம் இறங்கும்போது இதே நிலை வரும். சூப்பர் குளோரின் பட்டனை அழுத்தி நாள் முழுக்க ஓட்டுவது செல்லின் ஆயுளைத்தான் தின்னும். அன்றிரவு 10 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் 4.5 லிட்டர் ஊற்றுங்கள், 45,000 லிட்டருக்கு 10 பிபிஎம் ஏறும். அது 3-க்கு இறங்கிய பிறகே ஆட்களை இறங்கவிடுங்கள். ப்ளீச்சிங் பவுடரில் கால்சியம் இருப்பதால் சேலத்தில் அதைத் தவிர்க்கச் சொல்வேன். ஏற்காட்டில் அதே கால்சியம் குளத்துக்கு நல்லது, தாராளமாகப் போடலாம், வாளியில் கரைத்துத் தெளிந்த தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள்.

இரும்பும் மின்சாரமும்

எவர்சில்வர் என்றாலே துருப்பிடிக்காது என்று நம்பி 304 தர ஏணியை மாட்டினால், உப்புத் தண்ணீரில் சிறு சிறு பழுப்புப் புள்ளிகள் விழும். 316 தரம் கேட்டு வாங்குங்கள். கைப்பிடிகளை வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தால் போதும். குளோரினேட்டர் லைனுக்கு ஆர்சிசிபியும் (மின்கசிவு வந்தால் தானாக அணைக்கும் ஸ்விட்ச்) தனி எர்த்தும் கட்டாயம். இடி மின்னல் அதிகமுள்ள மலையில், மழை இருட்டிக்கொண்டு வரும்போதே மெயினை இறக்கிவிடுங்கள். மின்னலில் முதலில் போவது கன்ட்ரோல் போர்டு.

பங்களாவைப் பூட்டிவிட்டுப் போகும்போது

ஒரு மாதத்துக்கு மேல் யாரும் வரப்போவதில்லை என்றாலும் குளத்தைக் காலி செய்யாதீர்கள், மெஷினை அப்படியே நிறுத்திவிட்டும் போகாதீர்கள். ஃபில்டரை பேக்வாஷ் செய்து, பிஹெச்சைச் சரிபார்த்து, டைமரில் பம்ப் நாளுக்கு மூன்று மணி நேரம் ஓடும்படி வைத்து, குளோரின் அளவை 30 சதவீதத்துக்குக் குறையுங்கள். குளத்தை மூடும் ஷீட் போட்டிருந்தால் இன்னும் குறைக்கலாம். பம்பே ஓடாது என்றால் எம்சிபியை இறக்கி, செல்லைக் கழற்றி அலசிக் காயவைத்து வீட்டுக்குள் வையுங்கள். கழற்றிய இடத்தில் கம்பெனி கொடுத்த வெற்றுக் குழாயை மாட்டி, பங்களாவைப் பார்த்துக்கொள்பவரிடம் ஸ்கிம்மர் கூடையைக் காலி செய்வது எப்படி, எந்த வால்வைத் தொடக் கூடாது என்று நேரில் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.